சாய்வு நாற்காலியில் ஒன்பதாம் பாகம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இதைச் சொன்னால் போதும், அறுந்து விழுந்தால் என்ன செய்வது என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்பார்கள். அதெல்லாம் விழாது என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது. இப்போது யாராவது கேட்டால் என் பக்கம் திரும்புவார், நான் பதில் சொல்வேன். கயிறு ஒன்றல்ல, நாலைந்து இருக்கிறது. வேகம் கூடினால் கவ்விப் பிடிக்கிற பூட்டு இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது கதவு ஓடுகிற தடத்தில் கிடக்கும் குப்பைக்காகத்தான். அதில் ஒரு குச்சி சிக்கினால்கூடக் கதவு முழுசாக மூடாது, கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. மாடியில் இருக்கிறவர் கால் கடுக்க நின்று என் வீட்டுக்காரரைத் திட்டுவார்.

முன்பு இந்த வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுச் செய்தார்கள். கூட்டாளி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புது ஆள் வருகிறார் என்று ஆபீசில் சொன்னார்கள், இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறாரோ தெரியவில்லை. அதுவரை இவருடைய பாதி, அவருடைய பாதி இரண்டும் என் வீட்டுக்காரர் தலையில்தான். ஆஸ்பத்திரி லிஃப்ட், வக்கீல்கள் கட்டட லிஃப்ட், நாய்க்குட்டியோடு மாட்டிக்கொள்கிற கிழவர் இருக்கும் குடியிருப்பு லிஃப்ட், எல்லாம் ஒரே போனில் அடிக்கும். சோற்றில் கை வைத்தால் அடிக்கும். தலைக்குச் சோப்புப் போட்டால் அடிக்கும். எடுத்ததும் அவர் சொல்வது ஒரே பாட்டு: “பயப்படாதீங்க. கீழ உக்காருங்க. கதவைத் தள்ளாதீங்க. வந்துடுறேன்.” ஒரு நாள் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து என்னிடமே இதைச் சொன்னார். நான் பயப்படவில்லை, எரிச்சல்தான் வந்தது.

தூக்கம் என்று நான் சொல்கிறேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். தூங்குகிறீர்களா என்றால், இல்லை, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்பார். அது உண்மைதான் என்று எனக்கும் தெரியும். ஒரு தடவை காய்ச்சலுக்கு லீவு கொடுத்தார்கள். நான் போனைப் பிடுங்கித் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மனுஷன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். காய்ச்சலில் முகம் சிவந்து, உள்ளே அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. கடைசியில் நானே சாவியை எடுத்து அவர் மடியில் போட்டேன், ஆளை விடுங்கள் சாமி என்று.

இப்படிப்பட்ட ஆளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை. ‘தூரக்கரை’ படம்.

பார்க்காதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல் போகிறது. அதில் ஆயிரக்கணக்கான ஜனங்கள். குடியேற ஒரு கிரகம் தேடுகிறார்கள். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கிரகம் கிடைக்கும், கடைசியில் அது சரிப்படாது என்று தெரியும், கப்பல் மறுபடியும் கிளம்பும். இதை எட்டு பாகம் எடுத்துவிட்டார்கள். கல்யாணமான புதிதில் மூன்றாம் பாகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே வந்ததும், வழி தெரியாவிட்டால் யாரையாவது நிறுத்திக் கேட்டால் என்ன என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவில்லை, நானும் கவலைப்படவில்லை.

அவருக்குத் துணை நாலு பேர். முதல் பாகம் பார்க்கப் போனபோது பாதிப் படத்தில் கரண்ட் போய்விட்டதாம். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒரே வரிசையில் ஐந்து பேர் மட்டும் இருட்டில் உட்கார்ந்து, கப்பலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். கரண்ட் வந்தபோது சிநேகிதர்களாகிவிட்டார்கள். ஒருவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவர், என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணன் என்பேன். ஒருவர் கணக்கு டீச்சர். ஒருவன் பொடியன். அப்போது மீசை முளைக்காத பையன், இப்போது தலையில் முடி இல்லாத குடும்பஸ்தன், கூரியர் ஆபீசில் வேலை. பேர் மட்டும் மாறவில்லை. ஐந்தாவது ஆள் ஒரு தையல்காரர்.

சட்டதிட்டங்கள் எல்லாம் கண்ணாடிக்கடை அண்ணன் போட்டவை. நல்ல மனுஷர், ஆனால் தியேட்டருக்குள் நுழைந்தால் போலீஸ்காரர். ஒரு தடவை முன்வரிசையில் ஒரு அம்மா நொறுக்குத்தீனி தின்ற சத்தத்துக்கு எழுந்து போய், அடுத்த தடவை சத்தம் வராத தீனியாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் போட்ட முதல் சட்டம், உள்ளே போகுமுன் எல்லாருடைய போனையும் அணைத்து டீச்சர் பையில் போட்டுவிட வேண்டும். இரண்டாவது, படம் முடிந்து டீக்கடை போய்ச் சேரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவதுதான் பெரியது. டீ வந்ததும், உட்கார்ந்திருந்த வரிசைப்படி ஒவ்வொருவராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ‘தொடரணும்’ அல்லது ‘போதும்’. சும்மா சொன்னால் செல்லாது. அதற்குக் காரணமாகப் படத்திலிருந்து ஒரு சீனைச் சொல்ல வேண்டும், ஒருவர் சொன்ன சீனை இன்னொருவர் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இப்படி விளையாட மாட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் தொடரணும் என்றுதான் சொல்லியிருக்கிறார். கேவலமாக இருந்ததாக எல்லாரும் திட்டிய ஆறாம் பாகத்துக்கும் அதையேதான் சொன்னார்.

வருஷம் ஆக ஆக அந்தக் கூட்டமும் களைத்துவிட்டது. எங்கள் வீட்டில் கூடினால் முன்பெல்லாம் கிரகங்களைப் பற்றிப் பேசுவார்கள், இப்போது பாதி நேரம் முழங்காலைப் பற்றி. மீதி நேரம் படத்தின் எதிர்காலம். படக் கம்பெனி கை மாறிவிட்டது, கேப்டனாக நடிக்கிற அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கதையை முதலிலிருந்து மறுபடி எடுக்கப் போகிறார்களாம், அடுத்த பாகம் தியேட்டருக்கே வராதாம். அண்ணனைக் கேட்டால், கதை ஐந்தாம் பாகத்திலேயே செத்துவிட்டது, பிணத்தைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்பார். பொடியன், வீட்டில் பெரிய டிவி இருக்கும்போது ஊரெல்லாம் போன் வெளிச்சம் அடிக்கிற ஹாலில் எவன் உட்காருவான் என்பான். டீச்சர் மட்டும், வீட்டில் பார்த்தால் நடுவில் குக்கரைப் பார்க்க எழுந்து போவேன், அது படம் பார்ப்பதா என்று மல்லுக்கு நிற்பார். தையல்காரர் முதுகுவலி என்று ஒதுங்கியே விட்டார், ஒன்பதாம் பாகம் வீட்டுக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் அப்படி ஒதுங்கிய அன்றைக்கே அண்ணன் ஒரு முடிவு சொன்னார். ஒன்பதாம் பாகத்துக்குத் தீர்ப்பில் ‘போதும்’ அதிகமாக விழுந்தால் இதோடு கலைந்துவிடலாம். அவரவர் வேலையைப் பார்ப்போம்.

என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். “இதுவும் போச்சுன்னா, அப்புறம் லிஃப்ட்டுதான்” என்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். கலையட்டும் என்றுதான் தோன்றியது. இந்த மனுஷனுக்கு வாரத்தில் ஒரு ஞாயிறு மதியம் கிடைப்பதே பெரிய பாடு. அதையும் இந்தக் கப்பலுக்குத் தாரை வார்க்கிறார். ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி, பக்கத்து வட்டார ஆளிடம் மூன்று மணி நேரம் போனைத் திருப்பிவிடச் சொல்லி, அதற்குப் பதிலாக இரண்டு ராத்திரி கூடுதலாக வேலை பார்த்து, கண் சிவக்கப் போய் உட்கார்கிறார். அந்த நேரத்தில் வீட்டில் படுத்தால் உடம்பு தேறாதா? ஆகவே தையல்காரர் இடம் காலி என்றதும், நான் வருகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், நான் எதற்கு வருகிறேன் என்று அவருக்குத் தெரியாது. உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் ‘போதும்’ சொல்லப் போனேன்.

புது ஹால். பழைய ஹாலில் மர நாற்காலி, முட்டி இடிக்கும். இதில் பொத்தானை அழுத்தினால் முதுகு சாய்கிறது, கால் மேலே வருகிறது. டீச்சர் முழங்காலுக்காகப் பிடிவாதம் பிடித்து எடுத்த இடம். பல் டாக்டர் வீட்டு நாற்காலியில் எவனாவது படம் பார்ப்பானா என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முணுமுணுத்தார். வாசலில் டீச்சர் பையைத் திறந்து நீட்டினார். எல்லாரும் போட்டோம். இவர் தன் போனை அணைத்து, அணைந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்து, உள்ளே விட்டார். டீச்சர் பையின் ஜிப்பை இழுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே போகும்போது இவர் கை சட்டைப் பையைத் தடவுவதைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

வரிசையில் முதலில் அண்ணன், அடுத்தது டீச்சர், பொடியன், என் வீட்டுக்காரர், கடைசியில் நான். விளம்பரம் ஓடும்போது இவர் சின்னப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படம் தொடங்கியது. அந்தப் பழைய இசை வந்ததும் என் கையைப் பிடித்து அமுக்கினார். கப்பல் வந்தது. பொத்தானை அழுத்திக் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். நான் திரையைப் பார்த்தேன், யாரோ யாரையோ சுட்டார்கள், திரும்பிப் பார்த்தால் மனுஷன் தூங்கிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற தூக்கமில்லை அது. அடித்துப்போட்ட தூக்கம். வாய் திறந்து, இரண்டு கையும் மல்லாந்து, கழுத்து ஒரு பக்கம் சரிந்து. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன், அவருடைய கை அப்படி விரிந்து கிடந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் ஒரு கை போனின்மேல் இருக்கும்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷம் காத்திருந்த படமாம்! முழங்கையால் இடிக்கக் கையைத் தூக்கினேன். அந்தப் பக்கம் பொடியன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவனைத் தாண்டி டீச்சரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பையை இரண்டு கையாலும் மடியில் அணைத்தபடி. நான் கையை இறக்கிக்கொண்டேன்.

பிறகு குறட்டை தொடங்கியது. மெதுவாகத் தொடங்கி, கப்பல் எஞ்சினோடு போட்டிபோடுகிற அளவுக்கு வந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் உச்சுக் கொட்டினான். அப்புறம் நாற்காலியை உதைத்தான். எனக்கு உயிர் போய்விட்டது, ஏனென்றால் வரிசைக் கோடியிலிருந்து அண்ணன் எழுந்துவிட்டார். தீனி சத்தத்துக்கே எழுந்து போனவர், குறட்டையை விடுவாரா என்று நினைத்தேன். குனிந்தபடி எங்களைத் தாண்டிப் போய், பின்வரிசை ஆளின் காதருகே நின்றார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“தம்பி, அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க. உங்களுக்கு வேற நாளைக்கு டிக்கெட் நான் எடுத்துத் தரேன்.”

அந்த ஆள் என்ன நினைத்தானோ, காலை மடக்கிக்கொண்டான். அண்ணன் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தாரா, கண்ணாடியைத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் நான் படத்தைப் பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். அந்தக் கப்பல் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. எரிந்தது, உடைந்தது, மறுபடி ஓடியது. எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவன், இவருக்கு ரொம்பப் பிடித்தவன், பாதிப் படத்திலேயே வெடித்துச் சிதறிவிட்டான். அந்தச் சத்தத்துக்குக்கூட இவர் புரளவில்லை. கடைசியில் கேப்டன் அம்மா ஒரு பனிக் கிரகத்தில் இறங்கி, இது இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கப்பலில் ஏறினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். விளக்கு போட்டார்கள்.

விளக்கு பட்டதும் இவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பேசக் கூடாது என்பது சட்டம் அல்லவா, ஐந்து பேரும் வாயைத் திறக்காமல் தெருவைத் தாண்டி டீக்கடைக்குப் போனோம். வழியில் அவர் என் பக்கம் குனிந்து, சட்டத்தை மீறி, காதில் மட்டும் சொன்னார்: “நடுவுல ரெண்டு நிமிஷம் கண்ணு சொருகிடுச்சு.”

“ரெண்டு நிமிஷம்தான்” என்றேன்.

டீ வந்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். ‘போதும்’. கேப்டன் கப்பலை ஒரு கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கிற சீன், இதற்காகவா இத்தனை பாகம் பார்த்தோம் என்றார். டீச்சர் ‘தொடரணும்’ என்றார், ஒரு கைக்குழந்தை ஜன்னல் வழியாக முதல்முதலாகப் பனியைப் பார்க்கிற சீனுக்காக. பொடியன் தரையைப் பார்த்துக்கொண்டே ‘போதும்’ என்றான். எஞ்சின் அறைச் சீனைச் சொல்ல வாயெடுத்தவன், என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, தொடக்கத்தில் வருகிற துப்பாக்கிச் சண்டை மட்டம் என்று மாற்றிக்கொண்டான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இவர் நெற்றியைச் சுருக்கினார். அந்தப் பனி எங்கே வந்தது என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம், அந்த இரண்டு நிமிஷத்தில் போயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார் போல.

அவர் முறை வந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“தொடரணும்” என்றார். “ஏன்னா அந்தக் கப்பல் நிக்கிற சீன். நான் ஒன்பது பாகத்துலயும் இப்படி ஒண்ணு பாத்ததில்ல. எஞ்சின் சத்தம் நின்னுபோகுது. ஒவ்வொரு விளக்கா அணைச்சுட்டே வராங்க. அந்த எஞ்சின் ரூம் ஆளு ஸ்பானரோட நின்னுட்டு இருக்கான். கேப்டன் வந்து, இனிமே உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க, போய்ப் படுன்னு சொல்றாங்க. அவன் நம்பலை. கேப்டனே அந்த ஸ்பானரை வாங்கி வச்சுக்கிறாங்க. அப்புறம்தான் படுக்கிறான். அதுல ஒரு சத்தம்கூட இல்ல, கவனிச்சீங்களா?”

டீச்சர் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பொடியன் மூக்கை உறிஞ்சினான். இரண்டாம் பாகத்தில் ஒரு கதவுக் கைப்பிடி சிவப்பா மஞ்சளா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பொடியனோடு பேசாமல் இருந்தவர் இந்த அண்ணன். படத்தில் இல்லாத ஒன்றை யாராவது சொன்னால் குரல்வளையைப் பிடிப்பவர். நான் அவரைத்தான் பார்த்தேன்.

“ஆமா” என்றார் அண்ணன். “நல்ல சீன். எனக்கும் அங்க என்னமோ பண்ணிடுச்சு.”

என் வீட்டுக்காரர் பெருமையாக டீயை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு இரண்டு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது, ஏனென்றால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியாதா? வழி கேட்டால் என்ன என்று கேட்டவள் நான்.

எனக்கு அழுகை வந்தது, அதற்குமேல் கோபம் வந்தது. ஆபீஸ்மேல் கோபம், இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிற அந்தப் புது ஆள்மேல் கோபம். அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இவருடைய முகம் ஞாபகம் வந்தது. என் வீட்டில், என் மெத்தையில், நான் பூட்டி வைத்தும் வராத தூக்கம், இந்தக் கூட்டத்துக்கு நடுவே, அந்த டீச்சர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. அப்படியிருக்க நான் யார் போதும் என்று சொல்ல?

“தொடரணும்” என்றேன்.

“சீன் சொல்லணும், அண்ணி” என்றான் பொடியன் மெதுவாக.

“அதே சீன்தான். கப்பல் நிக்கிறது.”

டீச்சர் பழக்கதோஷத்தில் சட்டத்தை நினைவுபடுத்தினார், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாதே என்று. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் டீயை ஒரு வாய் குடித்தார். “அந்த சீனுக்கு சட்டம் கிடையாது” என்றார்.

தீர்ப்பு முடிந்தால் போனைத் திருப்பித் தர வேண்டும். டீச்சர் பையைத் திறக்கவே மனசில்லாமல், டீ ஆறிவிடும் குடியுங்கள், குடியுங்கள் என்று நேரத்தைக் கடத்தினார். கடைசியில் இவரே கையை நீட்டினார். போன் உயிர் வந்ததும் அடித்தது. “பயப்படாதீங்க. கீழ உக்காருங்க” என்றபடியே எழுந்தார். வக்கீல்கள் கட்டடம். பக்கத்து வட்டார ஆள் எடுக்கவில்லையாம். நீ மெதுவாக வா என்று என்னிடம் சைகை காட்டிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டுப் போனார். கதவருகே திரும்பி எல்லாரையும் பார்த்து, “தொடரும்டா” என்று பொடியனிடம் சொல்லிவிட்டுப் போனார். நடை நன்றாக இருந்தது. காலை இழுக்கவில்லை.

அவர் தெருமுனை திரும்பினார். பிறகு நான்தான் கேட்டேன்.

“அடுத்த பாகம் எப்போ வரும், அண்ணே?”

“மூணு வருஷம் ஆகும், தங்கச்சி. நாலுகூட ஆகலாம்.”

“அதுவரைக்கும் இந்த மனுஷன் தூங்காம இருக்கணுமா?”

‘தூரக்கரை’ தவிர வேறு எதற்கும் இந்த நாலு பேரும் சேர்ந்து டிக்கெட் எடுத்ததில்லை, அதில் அவர்களுக்கு ஒரு கர்வம். அண்ணன் காலி கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் போனைத் திருப்பி விடுறதுக்கு ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்” என்றேன். “கெஞ்சல்லாம் இல்ல. நான் பேசுற விதமே வேற.”

“வர ஞாயிறு அந்த ஹால்ல என்னடா ஓடுது?” என்றார் அண்ணன்.

பொடியன் பையிலிருந்து தன் போனை எடுத்துத் தேடினான். “ஏதோ காதல் படம்ண்ணே. பாத்தவன் எல்லாம் ஒரே இழுவைன்னு திட்டுறான்.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு மணி நேரத்துக்குப் பக்கமா இருக்கு.”

“சண்டை, வெடி ஏதாவது உண்டா?”

“ஒண்ணும் இல்லையாம். பாதிப் படம் மழை பெய்யுதாம்.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். டீச்சர் பையின் ஜிப் சரியாக ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

“அப்போ எடு” என்றார் அண்ணன். “அதே சாய்வு நாற்காலி.”

பொடியன் ஐந்து இடம் எடுத்தான், என் வீட்டுக்காரரை நடுவில் வைத்து.